கத்தாதீர்கள், ஐயா

1999 ஜூலை 2, வெள்ளி

கோமதி பெங்களூரிலிருந்து மூன்று நாள் லீவில் வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் இண்டர்நெட் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். செப்டம்பர் 12-ல் கல்யாணத்தை வைத்துக்கொண்டு புடவை எடுக்கப் போகாமல் அப்பனுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சும்மாவே உக்காந்திருக்கத பாக்க முடியலப்பா. இதுல ஊரு ஒலகத்தோட எழுதிப் பேசலாம்" என்றாள்.

சும்மா உட்காராமல் வேறு என்ன செய்வதாம்? பிப்ரவரியில் குரல்பெட்டியைப் புற்றோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. அதோடு வாசனையும் போயிற்று. பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருடம் மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரை கெமிஸ்ட்ரி நடத்திய ஆவுடையப்பன் இப்போது காபி வேண்டுமென்றால் டம்ளரை ஸ்பூனால் தட்டுகிறான்.

"இதென்ன ஓட்டலா?" என்கிறாள் செண்பகம். ஆனால் காபி வந்துவிடுகிறது.

கோமதி மார்ச்சில் வாங்கித் தந்த பேசும் கருவி ஒன்று பீரோவில் கிடக்கிறது. ஷேவிங் மெஷின் அளவு. கழுத்தில் அழுத்தி வாயசைத்தால் அது ஒலி கொடுக்கும். அது ரிப்பேர். செண்பகத்திடம் ஏப்ரலிலேயே எழுதிக் காட்டியாகிவிட்டது.

சாயந்திரம் பூஜை அறை பிளக்கில் ஏதோ சிவப்பு லைட் எரிந்தது. எமர்ஜென்சி விளக்காக இருக்கும். இவளுக்கு எதையும் போட்டால் அணைக்கத் தெரியாது.

ஜூலை 5, திங்கள்

கோமதி எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பை வைத்து நியூஸ்குரூப் என்பதைத் திறந்தேன். பெயர்தான் நியூஸ். செய்தி ஒன்றும் கிடையாது. ஊர்ப் பொது நோட்டீஸ் போர்டு என்று சொல்லலாம். ஒருவர் ஒரு விஷயத்தை எழுதி ஒட்டுகிறார். அதன் கீழே இன்னொருவர் பதில் ஒட்டுகிறார். அதற்குக் கீழே மூன்றாமவர் சண்டைக்கு வருகிறார். ஒரு கணினியில் ஒட்டியது அடுத்த கணினிக்கும், அங்கிருந்து அதற்கு அடுத்ததற்கும் கைமாறி உலகம் பூராவும் போய்விடுகிறது. போர்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது.

ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குழு. நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று, நாய் பிடிக்காதவர்களுக்கு ஒன்று. பட்டியல் இறங்கி முடிய இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் செண்பகம் நான்கு தடவை போனை எடுத்துப் பார்த்து, காதில் கீச்சென்று கத்துகிறது என்று வைத்துவிட்டாள். நான் இணைப்பில் இருந்தால் வீட்டுப் போன் செத்த மாதிரிதான்.

தமிழர்கள் கூடும் குழு ஒன்று கண்ணில் பட்டது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள். முதல் பத்து நிமிடம் கண் வலித்தது, பிறகு காது கேட்க ஆரம்பித்துவிட்டது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் சில வாரம் ஒன்றும் எழுதாமல் மற்றவர்கள் பேசுவதைப் படிக்க வேண்டுமாம். அதுதான் மரியாதையாம். வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு ஐந்து மாதப் பயிற்சி இருக்கிறது.

ஜூலை 8, வியாழன்

மூன்று நாள்தான் தாங்கியது. யாரோ ஒரு அரைகுறை, சல்பரையும் பாஸ்பரஸையும் குழப்பி எழுதியிருந்தான். பொறுக்காமல் அரைப் பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில். பினாங்கு குணாளன் என்பவர். "கத்தாதீர்கள், ஐயா. எங்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு குழுவின் விதிகளைத் தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தால் அங்கே கத்துவதாக அர்த்தம். என் கீபோர்டில் பெரிய எழுத்துப் பொத்தான் அழுந்தியே கிடந்திருக்கிறது.

அந்தப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை. இந்த வருடத்தில் என்னைப் பார்த்துக் கத்தாதே என்று சொன்ன முதல் ஆள்.

ஜூலை 14, புதன்

சொதியில் சண்டை மூண்டுவிட்டது.

மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைக்க ஆள் சொல்லியிருக்கிறோம் என்று எழுதினேன். குணாளன் உடனே, அவருடைய அம்மா மஞ்சள் போட்டுத்தான் வைப்பார், எலுமிச்சை பிழியவே மாட்டார் என்றார். திருநெல்வேலிச் சொதியில் மஞ்சளா! வெள்ளை வேட்டியில் குழம்பு ஊற்றுகிற வேலை. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, தலைப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, சூடு தணிந்ததும் எலுமிச்சை. இதை நாலு தடவை எழுதிவிட்டேன். மனிதர் அசையவில்லை.

அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. பதில் எழுதுகிறவர் எதிராளியின் கடிதத்திலிருந்து தேவையான வரியை மட்டும் வெட்டி, முன்னால் ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டு, அதன் கீழேதான் பதில் சொல்ல வேண்டும். நாம் எழுதியதை நாமே மறுக்க முடியாது. நல்ல ஏற்பாடு. டிபார்ட்மெண்ட் மீட்டிங்குகளில் இது இருந்திருக்கலாம்.

ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவர் பெயரை வடிகட்டியில் போட்டுவிடலாம், அவர் எழுதுவது நம் கண்ணில் படாது. என்னைப் பதினோரு பேர் போட்டிருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். குணாளன் போடவில்லை.

எல்லோரும் என்னைப் பேராசிரியர் என்கிறார்கள். இன்னும் வகுப்பெடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

ஜூலை 19, திங்கள்

குரல்பெட்டி எடுத்தவர்களுக்கும் ஒரு குழு இருக்கிறது. சும்மா எட்டிப் பார்த்தேன். எழுதவில்லை.

டோரீன் என்று ஒரு அம்மாள், கனடாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இதே ஆபரேஷன், இதே கருவி. குழந்தைகள் தன்னை "ரோபோ டோரீன்" என்று கூப்பிட்டதாகவும், இப்போது பிறந்த நாளுக்குத் தன்னைத்தான் பாடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாள். துணிச்சல்காரி.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று நீளமாக ஒரு தொகுப்பும் இருந்தது. குளிக்கும்போது துளையை எப்படி மூடுவது, சளி கட்டினால் என்ன செய்வது. பேட்டரி பற்றிக்கூட இருக்கிறது. சார்ஜ் ஏற்றிச் சும்மா வைத்தாலும் இரண்டு மாதத்தில் தானாக இறங்கிவிடுமாம். நமக்கு அது தேவைப்படாத விஷயம்.

ஜூலை 23, வெள்ளி

பூஜை அறையில் மறுபடி அந்தச் சிவப்பு லைட். அணைத்தேன். "அத எதுக்கு அமத்துனிய?" என்று எரிந்து விழுந்தாள். எமர்ஜென்சி விளக்குக்கு இவ்வளவு பரிவு.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

போனுக்காக வீட்டில் ஒப்பந்தம். காலை ஐந்திலிருந்து ஆறு வரை எனக்கு. அதற்குப் பிறகு கல்யாண வேலைக்கு, அதாவது செண்பகத்துக்கு. எனவே பகலில் இணைப்பில்லாமல் எழுதி வைத்துக்கொண்டு, காலையில் இணைத்து ஒட்டுகிறேன்.

டோரீனுக்குத் தனியாக இரண்டு வரி எழுதினேன். குழுவில் ஒட்டாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்பவும் வழி இருக்கிறது. என் கருவி ரிப்பேர் என்று சொன்னேன். எந்தக் கம்பெனி, என்ன கோளாறு, எத்தனை நாளாக என்று ஆறு கேள்வி கேட்டுத் திருப்பி எழுதியிருக்கிறாள். பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 18, புதன்

ஆடி முடிந்தது. இன்றிலிருந்து அழைப்பு. பத்திரிகை முந்நூறு வந்து குவிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் தபாலில் அனுப்பிவிடலாம் என்று எழுதிக் காட்டினேன். செண்பகம் வாசித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பித் தந்தாள்.

"ஒரே பொண்ணு. வாசல்ல போயி நின்னு வாயத் தொறந்து 'வந்துரணும்'னு சொல்லாம, தபால்லயா கூப்பிடுவாக? நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாக. நீங்க பேசவேண்டாம், கூட மட்டும் வாங்க."

கூடப் போய் நிற்பதா? குங்குமச் சிமிழ் பிடிக்கவா? தலையாட்டிவிட்டேன், முடியாதென்று.

அவளே தட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனாள். பதினாலு வீடு. திரும்பி வந்தபோது காலெல்லாம் வீங்கியிருந்தது. எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி ஒன்றுதானாம்: அண்ணாச்சி வரலையா?

ஆகஸ்ட் 21, சனி

தென்காசியிலிருந்து பிரமு அக்கா போன் செய்திருக்கிறாள். செண்பகம் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன். அக்காவின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. எங்கள் வீட்டுத் தொண்டை அப்படி.

"எந்தம்பி வந்து வாயால கூப்பிடட்டும், வாரேன். இல்லன்னா அத்தைக்காரி இல்லாமலே கல்யாணத்த நடத்திக்கோங்க."

"மதினி, அவுகளால பேச..."

"பேச முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? முடிஞ்சத சொல்லட்டும். ஆறு மாசமா மூஞ்சியக்கூடக் காட்டல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

செண்பகம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கருவி ரிப்பேர் என்று மறுபடி எழுதிக் காட்டினேன். "ஆமா, ரிப்பேரு" என்றாள்.

அத்தை இல்லாமல் கோமதியை மணவறைக்கு யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்? கோமதியின் காதுகுத்தில் தோடு போட்டவளே அக்காதான்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

பகல் முழுக்க எழுதினேன். குணாளனுக்கு ஒரு கடைசி அடி. மஞ்சள் பற்றி இனி அவர் வாயே திறக்கக்கூடாது. டோரீனுக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கம். அதில் என்ன எழுதினேன் என்பது இங்கே வேண்டாம். முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லுவது சுலபமாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒன்று, இரண்டு என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, திங்கள்

நான் ஒரு மடையன்.

காலையில் இணைப்பு கிடைக்கவே ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. செண்பகம் மண்டபத்துக்காரருக்குப் போன் செய்ய வேண்டுமென்று பின்னால் வந்து நின்றாள். அவசரத்தில் ஒன்றை வெட்டி ஒட்டி, இரண்டை வெட்டி ஒட்டி, அனுப்பிவிட்டு எழுந்தேன். பல் தேய்க்கும்போதுதான் சந்தேகம் வந்தது. போய்ப் பார்த்தேன். சொதிச் சண்டை டோரீனுக்குப் போயிருக்கிறது. டோரீனுக்கு எழுதிய நாலு பக்கம் தமிழ்க் குழுவில் உலகமே பார்க்கும்படி ஒட்டியிருக்கிறது. அடியில் என் பெயர், வேலை, ஊர் எல்லாம் தானாகச் சேர்ந்திருக்கிறது.

லேபிள் ஒட்டாத பாட்டிலை ஷெல்பில் வைத்ததற்காக எத்தனை பிள்ளைகளை லேபை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன்!

ஒட்டியதைக் கிழித்தெடுக்க ஒரு கட்டளை உண்டு. செண்பகம் போனை வைத்ததும் கொடுத்தேன். சில கணினிகள் கீழ்ப்படியுமாம், சில கண்டுகொள்ளாதாம். ஒரு நகல் பெங்களூருக்கும் போயிருக்கும். கோமதி தினமும் காலையில் நான் எழுதுவதைப் படிக்கிறாளாம், போன வாரம்தான் செண்பகம் சொன்னாள். அப்பா திட்டுவதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றாளாம்.



ஆகஸ்ட் 24, செவ்வாய்

பார்க்கக் கூடாதென்றுதான் இருந்தேன். ஐந்து மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்து மூன்று பதில்கள். வெட்டி ஒட்டும் நல்ல ஏற்பாடு என்னையே திருப்பி அடித்தது. முதலில் குணாளன்.

> கருவியில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரியைக் கழற்றிப் பழைய கண்ணாடிக் கூட்டில் ஒளித்து வைத்தவன் நானே.

அதன் கீழே அவர்: "ஐயா, இத்தனை நாளும் நீங்கள் பெருங்குரலில் என்னைத் திட்டுவதாக நினைத்தே படித்துவந்தேன். இன்று விஷயம் தெரிந்த பிறகு பழையதையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். அதே குரல்தான் கேட்கிறது. மஞ்சள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை."

அடுத்தது மஸ்கட்டில் இருக்கும் நபீஸா என்ற பெண். இதுவரை எழுதியே பார்த்ததில்லை.

> முதல் நாள் அந்தக் கருவியால் என் மனைவியின் பெயரைச் சொன்னேன். சிரித்தாள். உடனே அடுக்களைக்குப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. அந்தச் சத்தத்தில் அவள் பயந்து அழுதது எனக்குக் கேட்டது. அந்தக் குரலை அவளுக்கு இரண்டாம் முறை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"சார், குழாயைத் திறந்துவிட்டு அழுகிற பெண் பயந்துதான் அழுதாள் என்று உங்களுக்கு யார் சொன்னது? அவரிடம் கேட்டீர்களா?"

ஒருவன் "மெஷின் வாத்தியார்" என்று கேலி எழுதியிருந்தான். அவனைக் குணாளன் உரித்துத் தொங்கவிட்டிருக்கிறார். கொஞ்சம் இதமாக இருந்தது.

கேட்டேனா? கேட்கவில்லை. எதைக் கொண்டு கேட்பது?

ஆகஸ்ட் 25, புதன்

தவறிப்போன சொதிக் கடிதத்துக்கு டோரீனிடமிருந்து பதில். கோபத்தில் மறுபடி பெரிய எழுத்தில் அடித்திருக்கிறேன் போலிருக்கிறது. "நண்பரே, உங்கள் மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எல்லாம் பெரிய எழுத்து, பதினேழு ஆச்சரியக்குறிகளை எண்ணினேன். உள்ளே இவ்வளவு சத்தத்தை வைத்துக்கொண்டு இருக்கிறவர் கருவியை ரிப்பேருக்குக் கொடுக்காமல் இருப்பது எனக்குப் புரியவில்லை."

மத்தியானம் கோமதி போன் செய்தாள். செண்பகம் அரை மணி நேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு முத பஸ்ஸுல தென்காசி போறேன். மதினி கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வருவேன்" என்றாள். வாருங்கள் என்று கூப்பிடவில்லை.

கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பார்த்தேன். பேட்டரி அப்படியே இருந்தது. நாலு மாதம். தொகுப்பில் சொன்னபடி எப்போதோ செத்திருக்கும். இருந்தாலும் அதையும் கருவியையும் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். கூட ஒரு நோட்டும் பேனாவும்.

ஆகஸ்ட் 26, வியாழன்

தென்காசியில் சாரல். அக்கா வீட்டின் உள்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்புரை முற்றியிருக்கிறது. நிழலாகத்தான் தெரிகிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"செம்பகமா? கூட யாரு?"

செண்பகம் பதில் சொல்லாமல் நின்றுவிட்டாள். அவளை எனக்குத் தெரியும், வேண்டுமென்றுதான் நின்றாள். நான் நோட்டை எடுத்து எழுதி நீட்டினேன். அக்கா தாளைத் தடவிப் பார்த்தாள்.

"இத வச்சு நான் என்ன செய்ய? யாருடே, தம்பியா? தம்பின்னா வாயத் தொறந்து சொல்லு."

பேட்டரியைச் செருகிக் கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தினேன். வராது என்றுதான் நினைத்தேன்.

"அக்கா."

வீடே அதிர்ந்தது. அடுக்களையில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அக்கா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

"கத்தாதடே" என்றாள். "கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் கேக்கு."

சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். கோமதிக்குக் கல்யாணம், ஆவணி இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை, நீ வந்துதான் அவளை மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். அவள் என் முகத்தைத் தடவி, கழுத்துக்கு வந்து, கருவி பிடித்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்க சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்க."

மூன்றாம் தடவை சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கருவி அழாது, அது பாட்டுக்கு ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனது. அக்காதான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மறுவீட்டுச் சொதிக்கு யாரை ஏற்பாடு செய்திருக்கிறாய், மஞ்சள் கிஞ்சள் போட்டுத் தொலையப் போகிறான் என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கருவியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு மாதம் கிடந்த பேட்டரி எப்படி இந்தப் போடு போட்டது? செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழம தோறும் வெளக்குப் பக்கத்துல சார்ஜு போட்டு, திரும்ப அந்தக் கூட்டுக்குள்ளயே வச்சிருவேன். நீங்களா எடுக்கணும்னுதான் சொல்லல."

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"கொழாயத் தொறந்துவிட்டு அழுதேன்னு எழுதினியளாமே. கோமதி வாசிச்சுச் சொன்னா. பயந்தா அழுவாக? நாப்பது நாளு கழிச்சு எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டிய."

கருவியைக் கழுத்தில் வைத்து, "செண்பகம்" என்றேன். முன் சீட்டில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆலங்குளம் தாண்டும்வரை அவள் என் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, வெள்ளி

காலையில் குழுவுக்குப் போகவில்லை. ஒன்பது வீடு அழைத்தோம். சாயந்திரம் சார்ஜரை நானே போட்டேன்.